பெறப்பட்டது, நன்றி ஐயா

பாகலூர்,
15.6.2025

அன்புள்ள வின்சி அக்காவுக்கும், இதை உனக்கு முன்பே படிக்கப்போகும் உன் கன்னியர் மடத்து நவதுறவு அன்னை அவர்களுக்கும் தம்பி மெல்வின் எழுதுவது. இருவரும் நலமா? இங்கே நாங்கள் மூவரும் நலம். அதில் ஒருவர் மட்டும் ஒற்றைக் கண்ணால் நலம்.

கடிதத்தின் தலையில் ‘இயேசு மரி சூசை’ என்று எழுதித் தொடங்கச் சொல்லியிருந்தாய். மூன்றாவது பெயரைத் தாங்கிய நம் அப்பா கூடத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு குறட்டை விடுகிறார். அவர் பெயரை மேலே போட்டால் வீட்டில் அதிகாரம் இன்னும் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியோடு பார்த்தால் ஓய்வுபெற்ற வில்லன் மாதிரி இருக்கிறார். டாக்டர் கைபேசியைத் தொடக்கூடாது என்று சொன்னதால் எனக்குப் பதவி வந்திருக்கிறது. அப்பாவின் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அரசுப் பள்ளிகளுக்குப் போகும் அறிவிப்புகள் எல்லாம் அவர் வாட்ஸ்அப் வழியாகத்தானே போகும்? யாருக்குப் பயிற்சி, யாருக்கு மாறுதல், எந்தப் படிவம் நேற்றே வந்திருக்க வேண்டும் என்று. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்துப் போடுகிறேன். கண் அவருடையது, கை என்னுடையது.

இதில் ஒன்று கண்டுபிடித்தேன். எதைப் போட்டாலும் எல்லாத் தலைமையாசிரியர்களும் ஒரே மாதிரி “பெறப்பட்டது, நன்றி ஐயா” என்று போடுகிறார்கள். படித்துவிட்டுப் போடுகிறார்களா என்று சந்தேகம் வந்தது. அப்பா தூங்கும்போது ஒரு சோதனை செய்தேன். ‘பள்ளி வளாகத்துக்கு வரும் காகங்களின் எண்ணிக்கையை முற்பகல், பிற்பகல் எனப் பிரித்துப் பதிவேட்டில் குறித்து வைக்கவும்’ என்று போட்டேன். வரிசையாகப் பெறப்பட்டது, பெறப்பட்டது, பெறப்பட்டது. ஒரே ஒருவர் மட்டும் தனியாகச் சந்தேகம் கேட்டார்: மதிய உணவு நேரத்துக் காகத்தை எதில் சேர்ப்பது? அவர் ஒருவர்தான் படித்தவர். உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அம்மாவுக்கு இந்த வாரம் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சிற்றாலயத்தில் இதை நினைத்துச் சிரித்துவிடாதே.

உன் அடங்காத் தம்பி,
மெல்வின்


திண்டுக்கல்,
29.6.2025

அன்புத் தம்பி மெல்வினுக்கு,

இறைவன் உங்கள் மூவரையும் காப்பாராக. நான் சுகம். அப்பாவின் கண்ணில் நீர் வடிகிறதா, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறீர்களா என்று எழுது.

சமையலறை முறை எனக்கு வந்திருக்கிறது. இத்தனை பேருக்கு ரசம் வைக்கப் பழகிவிட்டேன். உன் கடிதத்தை அன்னை என் கையில் கொடுக்கும்போதே அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. காகம் வரை படித்துச் சிரித்திருக்கிறார், பிறகு சிரித்திருக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சொல்கிறேன், இத்தோடு நிறுத்திக்கொள். அடிப்பது நீ என்றாலும் அங்கே வருவது அப்பாவின் பெயர். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அவர்கள் படிக்காமலே நம்புகிறார்கள்.

அம்மாவிடம் என் ஜெபத்தைச் சொல்.

அன்புடன் அக்கா,
வின்சி


பாகலூர்,
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அப்பாவுக்குக் கண்ணில் நீர் நின்றுவிட்டது. இங்கே இரண்டு நாளாக மழை. பேரிகை ரோட்டில் தக்காளி வண்டி ஒன்று சாய்ந்துவிட்டது.

இப்போது அறிவிப்புகளை அப்பாவே அடிக்கிறார். நான் என் பாடத்தைப் படிக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

மெல்வின்


பாகலூர்,
20.7.2025

அன்பு மகள் வின்சிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ நலமாயிருக்க அனுதினமும் வேண்டுகிறேன். கண் தேவலை. அம்மாவுக்குக் கால்வீக்கம் குறைந்திருக்கிறது.

வேறு யார் மூலமாகவாவது உன் காதுக்கு வந்து நீ கலங்கக்கூடாது என்பதால் நானே தெரிவிக்கிறேன். சென்ற மாதக் கடைசியில் என் கைபேசியிலிருந்து குழுவில் ஒரு தவறான அறிவிப்பு போய்விட்டது. அதன் வாசகம் இது:

‘அனைத்துத் தலைமையாசிரியர்கள் கவனத்திற்கு. பள்ளிகளில் பணிபுரியும் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர்கள் வரும் முதல் தேதியிலிருந்து முழுநேரப் பணியாளர்களாகக் கருதப்படுவர். வேறு நிறுவனங்களில் பணிபுரிவோர் அப்பணியிலிருந்து உடனடியாக விலகிவிட வேண்டும். தவறினால் இச்சலுகை பொருந்தாது. பணியாளர்களுக்குத் தெரிவித்து ஒப்புதல் இடவும்.’

இரண்டு நாள் கழித்து நான் கவனித்து நீக்குவதற்குள் அது பல இடங்களுக்குப் போய்விட்டது. மற்றவர்கள் ஆணை வரட்டும் என்று இருந்துவிட்டார்கள். பேரிகை ரோட்டு நடுநிலைப் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வெங்கடம்மாளை உனக்குத் தெரியும். கோவிலில் உன் முதல் நன்மை விழாவுக்கு வந்து பாயசம் கிண்டியவள். காலையில் பள்ளியை முடித்துவிட்டு ஜூஜுவாடியில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை அருணா டீச்சர் அறிவிப்பைப் படித்துக் காட்டியதும், அன்றைக்கே கேன்டீன் வேலையை விட்டுவிட்டாள். அடுத்த நாள் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்து என் மேசைமேல் வைத்தாள். நல்ல சேதியைப் போட்ட கைக்கு என்று சொன்னாள். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. எதற்கென்று புரியாமலே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். கண் சரியாகத் தெரியாததால், துப்புரவுப் பணியாளர் சங்கத்தார் கொடுத்திருந்த கோரிக்கை வரைவு ஒன்றைத் தவறுதலாகப் போட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊதிய உயர்வை நிறுத்தலாம். அதற்கு மேல் போகாது. நீ கவலைப்படாதே.

மெல்வினுக்கு எழுதும்போது இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். படிக்கிற பிள்ளை.

உன் அன்புத் தந்தை,
சூசை


திண்டுக்கல்,
3.8.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாய் இருக்கிறாயா? நான் சுகம். உன் சென்ற கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. நீ சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அதைவிட அதிகம் பேசினாய்.

அப்பா எழுதியிருந்தார். உன்னிடம் கேட்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். நான் கேட்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். அப்பா இத்தனை வருடமாக அறிவிப்பு போடுகிறார், நானும் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். ‘தவறினால் இச்சலுகை பொருந்தாது’ என்ற வரியைப் படித்தபோது எனக்கு யாருடைய முகம் வந்தது என்று உனக்குத் தெரியும்.

இதை அன்னை படிப்பார். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. நீ எழுதுவதாக இருந்தால் எழுது. அவர் படித்தாலும் பரவாயில்லை.

ஜெபத்துடன்,
வின்சி


பாகலூர்,
27.8.2025

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும், நீ நலமா? அன்னையும் நலமா? இந்த முறை அவர் சிரிக்க ஒன்றும் இல்லை.

நான்தான்.

காகத்துக்கு அடுத்து பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்று இருந்தது. அந்தச் சமயத்தில் துப்புரவுப் பணியாளர்கள் முழுநேரம் கேட்கிறார்கள் என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். அதை எடுத்துக்கொண்டேன். முதலில் ‘முழுநேரமாகக் கருதப்படுவர்’ என்பதோடு முடித்தேன். படித்துப் பார்த்தால் போலியாக இருந்தது. அரசாங்க அறிவிப்பில் சந்தோஷம் மட்டும் தனியாக வராது, பின்னாலேயே ஒரு முள்ளும் வரும் என்று அவ்வளவு நாள் அடித்ததில் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் வேறு வேலையை விடவேண்டும் என்ற வரியைச் சேர்த்தேன். சேர்த்ததும் அசலாகிவிட்டது. எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன், அக்கா. அது உண்மை.

காகத்தைப் போலவே உடனே அழிப்பதாக இருந்தேன். பெறப்பட்டது வரிசை வர ஆரம்பித்தது. பார்த்துச் சிரித்தேன். அம்மா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனவன் மறந்துவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வெறும் மறதி. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட அழிக்க ஞாபகம் இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அப்பா மைசூர்பாகுப் பொட்டலத்தோடு வந்தார். நான் இரண்டு தின்றுவிட்டுத்தான் ஏதப்பா இது என்று கேட்டேன். அவர் கைபேசியை என் முன்னால் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீயாடா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அடிப்பார் என்று பார்த்தேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “இத நீ யாருகிட்டயும் பேசாத. பதினொண்ணாவது படிக்கிற பையன் மேல கேஸ் கீஸுன்னு வந்தா என்ன ஆவும்? நான் பாத்துக்கறேன்” என்றார்.

அக்கா, அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன். எனக்கு வெட்கமாக இருப்பது அறிவிப்பை நினைத்து மட்டும் அல்ல, அந்தச் சாப்பாட்டை நினைத்தும்தான்.

போன வாரம் வெங்கடம்மாக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். நான் ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றேன். லாரி கிளம்பிவிட்டது. நல்லவேளையாக அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்வின்


திண்டுக்கல்,
7.9.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அன்னை என்னிடம் பிரிக்காமலே கொடுத்தார். முதல் வரியைப் பார்த்து மடித்துவிட்டாராம்.

உள்ளதை எழுதினாய். ஆனால் எனக்கு எழுதிவிட்டால் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. நான் பாவமன்னிப்பு தரும் குருவானவர் இல்லை, நீ தப்பு செய்தது எனக்குமில்லை. அந்த அம்மாளிடம் போ. போய், அந்த அறிவிப்பு எங்கேயும் இல்லாதது, நான் கட்டியது என்று சொல். அப்பாவைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. அவர் உன்னை விடமாட்டார்.

இம்மாதம் இருபதாம் தேதியிலிருந்து எங்களுக்கு ஒரு மாத மௌன தியானம். கடிதம் எழுதவும் கூடாது, வருகிற கடிதத்தைப் படிக்கவும் கூடாது. அதற்குள் நீ போய்வந்த செய்தி வந்தால் நான் நிம்மதியாக மௌனமாவேன்.

வின்சி


பாகலூர்,
21.9.2025

அக்கா, நலமா? நீ இதை இப்போது படிக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போன வாரமே எழுதித் தபாலில் போட்டிருக்கலாம். போடவில்லை. காரணம் உனக்கே தெரியும்.

போனேன். வெங்கடம்மாக்கா வீட்டு வாசல் வரைக்கும் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்னைப் பார்த்ததும் சூசை சார் மகன் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தெலுங்கில் உள்ளே யாரிடமோ டீ வைக்கச் சொன்னார். அப்பாவுக்குத் தன்னால் கெட்ட பேர் வந்துவிட்டது என்று அவர்தான் என்னிடம் வருத்தப்பட்டார்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் இன்னும் காத்திருக்கிறார், அக்கா. அப்பா வரைவைத் தவறுதலாகப் போட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தாரே, அது பள்ளிக்கூடம் வரை போயிருக்கிறது. வரைவு என்று ஒன்று இருக்கிறது என்றால் இன்றைக்கில்லாவிட்டாலும் ஆணை வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். கேன்டீன் கான்ட்ராக்டர் நாராயணப்பன் புது ஷிப்டில் ஓர் இடம் இருக்கிறது, தீபாவளிக்குள் வந்துவிடு என்று ஆள் அனுப்பியிருக்கிறார். இவர் போகவில்லை. ஆணை வரும் நேரத்தில் வேறு வேலையில் இருந்தால் சலுகை பொருந்தாதே. என் வரி அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது.

பள்ளியில் இரண்டு வாத்தியார்கள், “என்ன கவர்மென்ட் ஸ்டாஃபு, ஆர்டர் வந்துச்சா?” என்று தினமும் கேட்கிறார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

டீயைக் குடித்தேன். அவர் தன் கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தார். அருணா டீச்சர் அனுப்பிய அந்த அறிவிப்பு அதில் இருந்தது. “நீ படிச்ச புள்ள. இன்னொரு தபா மெதுவாப் படி நைனா. இதுல நாந்தான் ஏதாவது வுட்டுட்டனா பாரு” என்றார்.

படித்தேன். நான் எழுதியதை நானே அவருக்கு முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை மெதுவாகப் படித்தேன். ஒன்றும் விடவில்லை அக்கா என்று சொன்னேன். வந்துவிட்டேன்.

மெல்வின்


பாகலூர்,
12.10.2025

அக்காவுக்கு,

நலமா? தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. கடைத்தெருவில் நிற்க இடமில்லை.

இரண்டு முறை போய்ப் பாதியில் திரும்பிவிட்டேன். ஒரு தடவை அவர் வீட்டில் இல்லை. இன்னொரு தடவை இருந்தார்.

நீ எதுவும் பேசமாட்டேன் என்கிறாய்.

மெல்வின்


திண்டுக்கல்,
25.10.2025

மெல்வின்,

மௌனம் முடிந்தது. உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். இரண்டாவதைப் படிக்கும்போது தீபாவளி போய்விட்டிருந்தது.

நான் பேசும்வரை இருக்கலாம் என்று இருந்தாயா? அந்த அம்மாளுக்கு ஒரு வேலை இருந்தது, ஒரு தேதியும் இருந்தது. என்னிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உன் இரண்டு வரியைப் படித்துவிட்டுத் திட்ட முடியவில்லை. அதற்காகச் சந்தோஷப்படாதே.

இன்றைக்கே போ. இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும்போதே எழுந்திரு.

வின்சி


பாகலூர்,
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவும் அம்மாவும் உடம்புக்கு நலம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்வந்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி இல்லை. கடிதம் வந்த அன்றுதான் போனேன். சட்டை மாற்றினால் நின்றுவிடுவேன் என்று போட்டிருந்த பனியனோடு போனேன்.

வெங்கடம்மாக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அந்த அறிவிப்பு எங்கேயும் இல்லை, வரைவும் இல்லை, ஆணையும் வராது, நான் விளையாட்டுக்குக் கட்டியது என்று. நான் எதிர்பார்த்தது அழுகை, அல்லது அடி. இரண்டும் வரவில்லை. அவர் நம்பவில்லை.

“உங்கப்பா அனுப்பிச்சாரா? நானாவே வேலைய விட்டுட்டன்னு எழுதிக் குடுத்தா அவரு மேல இருக்கற கேஸு போயிடும். அதானே?” என்று கேட்டார். இத்தனை நேர்த்தியாகச் சின்னப் பையனால் எழுத முடியாது என்றார். ஆபீசில் மறைக்கிறார்கள், அதற்கு என்னைத் தூது விட்டிருக்கிறார்கள் என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அங்கேயே நிமிர்ந்து நின்று அறிவிப்புக் குரலில் ஆரம்பித்தேன். ‘அனைத்துத் தலைமையாசிரியர்கள் கவனத்திற்கு. துப்புரவுப் பணியாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு வழங்கப்படுகிறது. எனினும் அந்நாளில் வளாகத் தூய்மைக்கு அப்பணியாளரே பொறுப்பாவார்.’

அவர் கை நின்றுவிட்டது. முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அக்கா. “இது எப்ப வந்துச்சு?” என்று கேட்டார்.

“இப்பத்தான் அக்கா. இப்பத்தான் என் வாயில வந்துச்சு.”

அவர் என்னையே பார்த்தார். நான் அடுத்ததைச் சொன்னேன், துடைப்பம் வாங்க முன்பணம், பழைய துடைப்பத்தை ஒப்படைத்தவர்களுக்கு மட்டும். அதற்கடுத்து மகள் கல்யாணத்துக்குக் கடன், மகளே இல்லை என்ற சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றும் தட்டாமல் தடுமாறாமல் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. என் வகுப்பில் இதைச் செய்துகாட்டினால் பையன்கள் மேசையைத் தட்டுவார்கள். இங்கே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ இறங்கிக்கொண்டே போனது. நான்காவதை ஆரம்பித்தபோது, “போதும்” என்றார்.

வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கினார். பிறகு கேட்டார், “மேல இருக்கறத எழுதுன, சரி. வேற வேல இருக்கறவங்க விடணும்னு எதுக்கு எழுதுன?”

“அப்பத்தான் நெசமாட்டம் இருக்கும்னு.”

அவர் தலையை ஆட்டினார். புரிந்தது என்பது போலத்தான் ஆட்டினார். நாராயணப்பன் அந்தக் கேன்டீன் இடத்துக்குத் தீபாவளிக்கு மறுநாளே வேறு பெண்ணைப் போட்டுவிட்டார். அதை அவர் சொல்லவில்லை, அப்புறம் நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் மன்னிப்பு கேட்டேன். “என்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லிட்டுப் போனா எப்பிடி? பள்ளிக்கூடத்துல என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டாங்க. அங்க வந்து சொல்லு” என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். நான் என்னென்னமோ காப்பாற்றி வைத்தேனே என்று முதலில் கத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து, “அவன் போவட்டும்ங்க. வீட்டுக்குள்ள இத்தன மாசமா மூஞ்சி பாக்க முடியல” என்றாள். அப்பா அடங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அருணா டீச்சரிடம் முன்பே பேசியிருந்தார். அவர் என்னைக் கொடிக்கம்பத்துப் பக்கம் நிற்கச் சொன்னார். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை வரிசை, ஓரத்தில் ஆசிரியர்கள். வெங்கடம்மாக்கா துடைப்பத்தோடு வராந்தாவில் நின்றார். நான் சொன்னேன். என் பெயர், சூசை மகன், அறிவிப்பு என்னுடையது, நம்பினவர் மேல் தப்பில்லை, அனுப்பினது சூசை சார் பெயரில் வந்ததால் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். எங்கேயாவது ஒரு நகைச்சுவை வந்துவிடுமோ என்று பயந்து பயந்து பேசினேன். வரவில்லை. அந்த இரண்டு வாத்தியார்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை ஒன்றும் புரியாமல் கைதட்டியது. பக்கத்திலிருந்த பெண் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா புதிதாக விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் விளக்கத்தில் பொய் சொன்னதற்குத் தனியாக ஒன்று வருமாம். என் பெயரை மேலே அனுப்பலாமா என்று யோசிக்கிறார்களாம். என்ன ஆகும் என்று தெரியவில்லை. வெங்கடம்மாக்கா இப்போது பள்ளி முடிந்ததும் ரோஜாப் பண்ணை வேனில் போகிறார். கேன்டீனில் நிழல் இருந்தது, இங்கே நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அப்பா அருணா டீச்சரோடு உள்ளே போனார். நான் கொடிக்கம்பத்துப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். யாராவது வந்து ஏதாவது சொன்னால் நகரலாம் என்று இருந்தது. வெங்கடம்மாக்கா ஒரு மூலையிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தார். தூசி என் கால்வரை வந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தள்ளிக்கப்பா. கூட்டணும்” என்றார்.

தள்ளிக்கொண்டேன்.

அன்னைக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்காக நீ வேண்டுவாய் என்று தெரியும். அதற்கு முன்னால் வெங்கடம்மாக்கா இடுப்புக்காக வேண்டு.

உன் தம்பி,
மெல்வின்